அதிர்வை அடக்கிய கதை

மோட்டார் வண்டியின் வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவது எஞ்சின். 1886-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்கு உரிமைப் பத்திரம் பெற்ற நாள்முதல், எத்தனை குதிரைத் திறன், மணிக்கு எத்தனை மைல் என்பவையே பேச்சாக இருந்து வருகின்றன. வண்டியை ஓடச் செய்தவர்களின் பெயர்களைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஓடுகின்ற வண்டியின் சக்கரத்தைத் தரையைவிட்டு எழாதபடி பிடித்து நிறுத்தியவர்களின் பெயர்களை அறிந்தோர் மிகச் சிலரே. அந்தச் சிலரைப் பற்றியும், அவர்கள் ஆக்கித் தந்த ஒரு சிறு கருவியைப் பற்றியும் மாணவ நண்பர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

அக்கருவியைப் பட்டறைகளில் ‘ஷாக் அப்ஸார்பர்’ என்று அழைக்கிறார்கள். அதிர்ச்சியைத் தாங்குவது என்பது அச்சொல்லின் பொருள். பெயர் வழக்கில் நிலைத்துவிட்டது. ஆயினும் அது பொருத்தமான பெயர் அன்று. சாலையின் மேடு பள்ளம் தரும் அதிர்ச்சியைத் தாங்குவது வில். வில் தாங்கிய பிறகு எழுகின்ற ஆட்டத்தை அடக்குவதே இக்கருவியின் வேலை. இங்கிலாந்து நாட்டுப் பொறியாளர்கள் இதனை ‘டாம்பர்’ என்பர். அடக்குவது, தணிப்பது என்று பொருள்படும். ஆகவே நானும் இதனை அதிர்வடக்கி என்றே குறிப்பிடுகிறேன்.

வில்லின் குணத்தை அறிந்துகொள்ள நாம் வெகு தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் நாட்டுக் கட்டை வண்டியில் ஏறியவன் ஒவ்வொரு கல்லையும் தன் முதுகெலும்பில் உணர்வான். வில்வண்டியில் ஏறியவனுக்கு அத்துன்பம் இல்லை. அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே அடுக்கி வைத்த எஃகுப் பட்டைகள் வளைந்து கொடுக்கின்றன. ஆனால் வில் எதையும் விழுங்கிவிடுவதில்லை. வாங்கிய ஆற்றலை அது கடனாகவே வாங்குகிறது. உடனே திருப்பித் தந்துவிடுகிறது. இழுத்த அளவுக்கு ஏற்ப வில் எதிர்த்து இழுக்கும் என்ற விதியை இராபர்ட் ஹூக் 1678-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். அமுக்கிய வில் எழும். எழுந்த வில் தன் நிலையைத் தாண்டும். தாண்டியது மீண்டும் தாழும். மாடு இழுக்கும் வேகத்தில் இது பெரிய தொல்லையாவதில்லை. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசுவதாலேயே ஆட்டம் விரைவில் ஓய்ந்துவிடும்.

மோட்டார் வண்டியின் வேகம் வந்தபோது நிலைமை மாறிற்று. ஊஞ்சலில் ஆடும் குழந்தையை எண்ணிப் பாருங்கள். சரியான தருணம் பார்த்து விரலால் தள்ளினாலும் போதும். ஊஞ்சல் மேலும் மேலும் உயரும். அதுபோல, வண்டியின் கூடு தன் இயல்பில் நொடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை முறை ஆடும் தன்மையுடையது. சாலையின் மேடுகள் அதே தாளத்தில் வந்து சேர்ந்தால் ஆட்டம் பெருகும். சக்கரமும் அச்சும் இதைவிடப் பன்மடங்கு விரைவாகத் துள்ளும். துள்ளிய சக்கரம் தரையைத் தொடாத அந்தக் கணத்தில் பிரேக் பயனற்றது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஆகையால் அதிர்வடக்கி பிரயாணிகளின் சௌகரியத்துக்காக மட்டும் ஏற்பட்டதன்று. அது உயிரைக் காக்கும் கருவி.

இந்த உண்மையை முதலில் உணர்ந்து செயற்பட்டவர்களுள் ஒருவர் பிரெஞ்சு நாட்டவரான த்ரூஃபோ. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இரண்டு கைகளை ஒரு மூட்டில் இணைத்து, மூட்டிலே தகடுகளை வைத்து இறுக்கினார். ஒரு கை வண்டிச் சட்டத்திலும் மற்றொரு கை அச்சிலும் பொருந்தும். சக்கரம் ஏறி இறங்கும்போது தகடுகள் ஒன்றோடொன்று உராயும். அவ்வுராய்வு ஆட்டத்தை அடக்கும். அமெரிக்கரான எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் இதன் அருமையைக் கண்டு, 1904-ஆம் ஆண்டை ஒட்டித் தம் நாட்டில் இதனைப் பரப்பினார். ஹார்ட்ஃபோர்ட் என்ற பெயர் பழைய பந்தய வண்டிகளை அறிந்தவர்களிடையே இன்றும் வழங்குகிறது.

ஆனால் உராய்வுக்கு ஒரு குறை உண்டு. சிறு சரளைக்கல்லாயினும் பெரும் பள்ளமாயினும் அது ஏறத்தாழ ஒரே அளவாகத்தான் எதிர்க்கும். பெரிய ஆட்டத்தை அடக்கும்படி இறுக்கினால், சிறிய மேட்டில் சக்கரம் அசையவே மறுக்கும். வில் இருந்தும் இல்லாதது போலாகும். தளர்த்தினாலோ பெரிய ஆட்டம் அடங்காது. மென்மையான அசைவுக்கு மென்மையாகவும் கடுமையான அசைவுக்குக் கடுமையாகவும் எதிர்க்கும் ஒன்று தேவைப்பட்டது.

அக்குணம் எண்ணெய்க்கு உண்டு. எண்ணெய்ப் பாத்திரத்தில் கரண்டியை மெல்ல நகர்த்தினால் தடை தெரிவதில்லை. வேகமாக நகர்த்தினால் கை வலிக்கும். இதனை அறிந்து, எண்ணெய் நிறைந்த அறைக்குள் ஒரு இறகைச் சுழலச் செய்து, எண்ணெயைச் சிறு துளை வழியே நெருக்கித் தள்ளும் அதிர்வடக்கியை அமைத்தவர் மோரிஸ் ஊதாய் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர். 1927-ஆம் ஆண்டின் இறுதியில் ஹென்றி ஃபோர்டு தம் ‘மாடல் ஏ’ வண்டியை வெளியிட்டபோது அதன் நான்கு மூலைகளிலும் ஊதாய் வகை அதிர்வடக்கிகள் இருந்தன. செல்வர்களின் வண்டியில் இருந்த கருவி சாமானியனின் வண்டிக்கும் வந்து சேர்ந்தது.

அடக்கப்பட்ட அதிர்வு எங்கே போகிறது என்று மாணவர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆற்றல் அழிவதில்லை. இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜேம்ஸ் ஜூல் அளந்து காட்டினார். அதிர்வடக்கியில் நடப்பதும் அதுவே. கரடுமுரடான சாலையில் நெடுந்தூரம் ஓடிய வண்டியின் அதிர்வடக்கியைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும். சாலையின் மேடு பள்ளங்கள் எல்லாம் அந்தச் சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடுகின்றன.

கதையின் அடுத்த திருப்பம் 1930-க்குப் பின் வந்தது. அதுவரை பெரும்பாலான வண்டிகளில் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் பூட்டப்பட்டிருந்தன. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றதும் சாயும். சுழலும் சக்கரம் பம்பரத்தைப் போன்றது. அதனைச் சாய்த்தால் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். இதனால் முன்சக்கரங்கள் தாமாகவே இடமும் வலமும் உதறத் தொடங்கும். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்துவிட்டு 1930-இல் அமெரிக்கக் காடிலாக் நிறுவனத்துக்கு வந்த மோரிஸ் ஆலி என்ற பொறியாளர் இதனை ஆராய்ந்தார். ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கவைக்கைகளைக் கொடுத்து, ஒன்றன் அசைவு மற்றதைத் தாக்காமல் பிரித்தார். 1934-ஆம் ஆண்டின் காடிலாக், ப்யூக் வண்டிகளில் இம்முறை வந்தது.

இவ்வமைப்பில் ஒரு சிக்கனம் இருந்தது. அக்கால எண்ணெய் அதிர்வடக்கியிலிருந்து ஏற்கெனவே ஒரு கை வெளியே நீண்டிருந்தது. சக்கரத்துக்கோ மேலே ஒரு கை தேவைப்பட்டது. அப்படியானால் அதிர்வடக்கியின் கையையே சக்கரத்தின் மேற்கையாக வைத்துவிட்டால் என்ன? ஒரு பொருள் இரண்டு வேலைகளைச் செய்யும். செலவும் எடையும் இடமும் மிச்சமாகும். இந்த எண்ணம் கடல் கடந்து இங்கிலாந்துக்கும் சென்றது. பிற்காலத்தில் ‘மினி’ வண்டியால் உலகப் புகழ் பெற்ற அலெக் இஸிகோனிஸ், மாரிஸ் நிறுவனத்தில் இளம் பொறியாளராக இருந்தபோது, ஜாக் டேனியல்ஸ் என்பவருடன் சேர்ந்து இம்முறையில் ஒரு முன்புற அமைப்பை வகுத்தார். இடையில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. போர் ஓய்ந்தபின், 1947-இல் வெளிவந்த எம்.ஜி. ‘ஒய்’ வகை வண்டியில் அது இடம்பெற்றது. பின்னர் 1950-இல் ‘டி.டி.’, 1955-இல் ‘எம்.ஜி.ஏ.’, 1962-இல் ‘எம்.ஜி.பி.’ என அந்நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார்கள் வழிவழியாக அதனைப் பெற்றன.

எம்.ஜி.பி. வண்டியைப் பற்றி இரண்டொரு சொற்கள் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள ஆபிங்டன் என்ற சிற்றூரில் 1962 முதல் 1980 வரை அது செய்யப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. இளைஞர்களும் நடுத்தர வருவாய் உடையோரும் வாங்கக்கூடிய விலையில் கிடைத்த ஸ்போர்ட்ஸ் கார் அது. 1980 அக்டோபரில் ஆபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. வண்டிகளோ இன்னும் ஓடுகின்றன. ஓடுகின்ற வண்டிக்குத் தேய்மானம் உண்டு. முன்புற அதிர்வடக்கிகளை மாற்ற வேண்டிய நாளும் ஒருநாள் வரும்.

அந்நாளை அறிவது எளிது. வண்டியின் முன்மூலையைக் கைகளால் அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் அது ஒருமுறை எழுந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் மேலும் மேலும் ஆடினால் அதிர்வடக்கி ஓய்ந்துவிட்டது என்று பொருள். கையைத் தாங்கும் தண்டின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து புழுதி படிந்திருப்பதும் ஓர் அறிகுறி.

மாற்றும் வேலையைச் சிந்தனையோடு கவனித்தால், நான் இதுவரை சொன்ன வரலாறு முழுவதும் அதில் அடங்கியிருப்பதைக் காணலாம். முதலில் ஜாக்கியை வண்டிச் சட்டத்துக்கு அடியில் வைப்பதில்லை. கீழ்க்கையில் சுருள்வில்லைத் தாங்கி நிற்கும் தட்டுக்கு அடியில் வைத்தே தூக்குகிறார்கள். பின்னர் வண்டியின் சட்டத்துக்கும் உறுதியான முட்டுக் கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றுகிறார்கள். அதிர்வடக்கியின் கைகளையும் கிங்பின்னின் தலையையும் இணைக்கும் போல்ட்டை உருவுகிறார்கள். விடுபட்ட சக்கரத் தாங்கி வெளிப்புறமாகச் சாயும். பிரேக் குழாய் இழுபட்டு அறுந்துபோகாதபடி அதனைக் கம்பியால் கட்டி நிறுத்துகிறார்கள். இறுதியில் குறுக்குச் சட்டத்தின்மேல் அதிர்வடக்கியைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளைக் கழற்றினால் அது கையோடு வந்துவிடும்.

இந்த வேலை முடியும்வரை தட்டின் அடியிலுள்ள ஜாக்கியை அசைக்கக் கூடாது. ஏன்? வேறு வண்டிகளில் அதிர்வடக்கியைக் கழற்றினால் அதிர்வடக்கி மட்டுமே போகும். இங்கே அதனோடு சக்கரத்தின் மேற்கையும் போய்விடுகிறது. அமுக்கப்பட்ட சுருள்வில்லைத் தடுத்து வைத்திருந்த தளைகளுள் ஒன்று அறுந்துவிடுகிறது. மிஞ்சியிருக்கும் தடை அந்த ஜாக்கி ஒன்றுதான். அதனை இறக்கினால் வில் தான் வாங்கிய கடனை ஒரே நொடியில் திருப்பித் தரும். எதிரே நிற்பவன் கையோ காலோ அந்தக் கணக்கைத் தீர்க்க நேரிடும். 1934-இல் ஒருவர் கண்ட சிக்கனம், பல ஆண்டுகள் கழித்து ஒரு மெக்கானிக்கின் விரல்களுக்கு அபாயமாக வந்து நிற்கிறது. வரலாறு அறியாதவன் ‘ஜாக்கியை எடுக்காதே’ என்ற விதியை மனப்பாடம் செய்வான், ஒருநாள் மறந்தும்போவான். காரணம் அறிந்தவன் மறக்கமாட்டான். கல்வியின் பயன் இதுவே என்று நான் கருதுகிறேன்.

புதிய அதிர்வடக்கியைப் பூட்டுமுன் அதனை நிமிர்த்தி வைத்து எண்ணெய் நிரப்பி, கையைப் பலமுறை மேலும் கீழும் அசைத்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று எளிதில் அமுங்கும், எண்ணெய் அமுங்காது. உள்ளே காற்றுக் குமிழிகள் இருந்தால் கை சிறிது தூரம் தடையின்றி ஆடும். மேலும், ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுவது முறையன்று. இடப்பக்கம் உறுதியாகவும் வலப்பக்கம் தளர்ந்தும் இருந்தால், வளைவில் வண்டி ஒரு பக்கம் ஒருவிதமாகவும் மறுபக்கம் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். ரப்பர் புஷ்கள் பொருந்திய போல்ட்டுகளை வண்டியின் பாரம் சக்கரங்களில் இறங்கிய பிறகே முழுவதும் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து விரைவில் கிழிந்துவிடும்.

இரட்டை வேலை செய்யும் பொருளுக்கு இரட்டைத் தேய்மானமும் உண்டு. எம்.ஜி.பி.யின் அதிர்வடக்கியில் தண்டு தேய்ந்தால் எண்ணெய் கசிவதோடு நிற்பதில்லை. சக்கரத்தின் தலையும் தளர்ந்து, அது நிமிர்ந்து நிற்கும் கோணமே நிலைகுலையும். உள்ளே பிஸ்டன்கள் மிகச் சிறிது தூரமே நகர்வதால் எண்ணெய்மீது அழுத்தம் மிகுதி. எண்ணெயின் அளவும் குறைவாகையால் விரைவில் சூடேறும். சூடேறிய எண்ணெய் இளகும். இளகினால் அடக்கும் வலிமை குறையும்.

இதற்கு மாற்று அப்போதே இருந்தது. ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் சென்று வரும் நீண்ட அதிர்வடக்கியை இன்று எல்லா வண்டிகளிலும் காண்கிறோம். இத்தாலியில் லான்சியா நிறுவனம் 1922-இல் வெளியிட்ட ‘லாம்ப்டா’ வண்டியிலேயே முன்சக்கரங்களின் நேர்த் தூண்களுக்குள் எண்ணெய் அதிர்வடக்கி அமைந்திருந்தது. குழாய் வடிவ அதிர்வடக்கிகள் 1930-களில் பரவலாயின. பிரெஞ்சு அறிஞர் தெ கார்போன் அழுத்தமான வாயுவையும் உள்ளே சேர்த்து, எண்ணெய் நுரைப்பதைத் தடுக்கும் வகையை 1950-களில் வகுத்தார். 1962-இல், எம்.ஜி.பி. வெளிவந்த அதே ஆண்டில், அதற்குப் போட்டியாக வந்த ட்ரையம்ஃப் ‘ஸ்பிட்ஃபயர்’ முன்புறத்தில் குழாய் அதிர்வடக்கிகளையே கொண்டிருந்தது. அந்த வண்டி ட்ரையம்ஃப் ‘ஹெரால்டு’ வண்டியின் வழித்தோன்றல். ஹெரால்டோ 1961 முதல் நம் சென்னையை அடுத்த தொழிற்சாலையில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் செய்யப்பட்டது. எனவே இங்கிலாந்தின் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் முன்புற அமைப்பு நம் ஊர் மெக்கானிக்குகளின் கைகளுக்கும் பழக்கமானதே. அதில் சுருள்வில் அதிர்வடக்கியைச் சுற்றியே அமைந்திருக்கும். இரண்டும் ஒன்றாகக் கழன்று வரும். பின்னர் வில்லை அதற்குரிய கருவியால் இறுக்கி வைத்துத்தான் பிரிக்க வேண்டும். வண்டி வேறு, முறை வேறு. வில்லுக்கு அஞ்ச வேண்டியது மட்டும் இரண்டிலும் ஒன்றே.

பின் ஏன் எம்.ஜி.பி. பதினெட்டு ஆண்டுகள் பழைய கையையே பிடித்துக்கொண்டிருந்தது? தொழிற்சாலைகளின் வரலாற்றில் இது அடிக்கடி காணும் காட்சி. கையில் இருக்கும் அச்சுகளையும் கருவிகளையும் கொண்டு போதுமான அளவுக்கு நல்ல பொருளைக் குறைந்த விலையில் செய்ய முடிந்தால், மிக நல்ல பொருளுக்காக யாரும் புதிய முதல் போடுவதில்லை. இதனைக் குறை என்று மட்டும் கூறிவிட முடியாது. அந்தச் சிக்கனத்தால்தான் வண்டியின் விலை இளைஞனுக்கு எட்டியது. 1990-களில் எம்.ஜி.பி.யின் உடலைத் திருத்தி ‘ஆர்.வி.8’ என்ற வண்டியைச் செய்தபோது, முன்புறத்தில் குழாய் அதிர்வடக்கிகளை வைத்தார்கள். பழைய கை அத்துடன் ஓய்வு பெற்றது.

இன்று பழைய எம்.ஜி.பி. வைத்திருப்பவர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. குழாய் அதிர்வடக்கியைப் பொருத்தும்படி வண்டியை மாற்றி அமைப்பது ஒரு கட்சி. பழைய கை அதிர்வடக்கியையே பிரித்து, தேய்ந்த துளையைக் கடைந்து, புதிய புஷ்ஷும் எண்ணெய்க் காப்பும் வைத்து மீண்டும் பூட்டுவது மற்றொரு கட்சி. அன்றாடம் விரைந்து ஓட்டுபவன் முதல் வழியை நாடினால் நான் குறை கூறமாட்டேன். ஆனால் என் மனம் இரண்டாவது கட்சியையே சாருகிறது. புதுப்பித்த பழைய அதிர்வடக்கி, அந்த வண்டிக்குத் தகுந்த வேகத்தில் தன் கடமையைச் செவ்வனே செய்யும். அதோடு, த்ரூஃபோவின் மூட்டு, ஊதாயின் எண்ணெய், ஆலியின் கவைக்கை, இஸிகோனிஸின் சிக்கனம் ஆகிய நான்கையும் ஒரே இரும்புத் துண்டில் கண்ணால் காணும் வாய்ப்பு அதில்தான் இருக்கிறது. ஏட்டில் எழுதிய வரலாற்றைப் பிழையாகவும் எழுதிவிடலாம். இரும்பில் எழுதிய வரலாறு பொய் சொல்லாது.

நம் ஊர்ப் பட்டறைகளிலும் பழைய வண்டிகள் நாள்தோறும் பிரிக்கப்படுகின்றன. பழுது பார்ப்பவரின் அருகில் சற்று நேரம் நின்று, இந்தப் போல்ட் ஏன் இங்கே இருக்கிறது, இந்தக் கை ஏன் இவ்வளவு நீளம் என்று மாணவர்கள் கேட்டுப் பழக வேண்டும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் பின்னால் ஒரு மனிதரின் சிந்தனை இருக்கிறது. அதனைத் தேடிச் செல்பவனுக்குப் பட்டறையும் ஒரு நூலகமே ஆகும்.